புதுத் துப்பாக்கியைத் துடைத்த அன்று

அன்பு மகள் ஜெயாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சிங்கப்பூரில் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறோம். அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது, மழைதான் விடவில்லை. லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்ட பிறகு திரிங்காப் ஊரிலிருந்து வரும் காய்கறி லோரி உள்ளே வருவதில்லை, கேட்டுக்குப் போய்த்தான் வாங்குகிறோம். பிள்ளைக்குப் பல் முளைத்ததை அம்மா லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இதையெல்லாம் எழுதுகிறேனே தவிர, எழுத வந்தது வேறு, கை வரமாட்டேன் என்கிறது. எஸ்டேட் காவலுக்கு நான் ஹோம் கார்டில் சேர்ந்தது உனக்குத் தெரியும். துரை எங்களுக்குப் புதுசாக ஒரு ரைபிள் வாங்கினார். பெட்டியைத் திறந்தால் இரும்பே தெரியவில்லை, துருப் பிடிக்காமலிருக்கக் கெட்டிக் கிரீஸை அப்பிக் காகிதம் சுற்றி அனுப்பியிருந்தார்கள். பேக்டரி மெஷினைப் பார்க்கிறவன் நான்தான் என்று ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி என்னிடமே கொடுத்து, குழலுக்குள் கிரீஸ் இருந்தால் சுடும்போது வெடித்துவிடும், சுத்தமாக எடுத்துவிடு என்றார். ஞாயிற்றுக்கிழமை வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். தோட்டாவைத் தள்ளி வெடிக்க வைக்கிற போல்ட்டைக் கழற்றி மண்ணெண்ணெய் டின்னில் ஊறப் போட்டேன், மேலே இருந்ததைப் பழந்துணியால் வழித்தேன், இடுக்கில் இருந்ததை ஈர்க்குச்சியால் சுரண்டினேன். குழலுக்குள் வெந்நீர் ஊற்றினால்தான் மிச்சம் உருகி வரும். அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள், பக்கத்து வீட்டு மணியம்மா அத்தை தான் காய்ச்சித் தருவதாகச் சொன்னாள். எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். போன வருஷம் காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் தாப்பா ரோட்டில் லோரியை மறித்து வேலப்பன் மாமாவைச் சுட்டபோது அத்தையும் அந்த லோரியில்தானே இருந்தாள், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இறங்கிய புருஷனைக் கண்ணெதிரே பறிகொடுத்தவள் அல்லவா.

சிங்காரமும் இன்னும் சிலரும் வேடிக்கை பார்த்து நின்றார்கள். கிரீஸ் போய்விட்டதா என்று குழலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தேன், பிடிக்கிற பிடியைப் பார்த்தா நீ சோல்ஜர்தான்லா என்றான் சிங்காரம். அந்தப் பேச்சில் மயங்கித் தோளில் வைத்து ஒரு கண்ணை மூடி அப்படியே அத்தை வீட்டுப் பக்கம் திருப்பினேன். அவள் வெந்நீர்க் கெண்டியோடு வந்துகொண்டிருந்தாள். கெண்டியைக் கீழே விட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். நான் சிரித்தேன் ஜெயா. போல்ட் டின்னில் கிடக்கிறது, இது சுடாது என்று எனக்குத் தெரியும், அதனால் சிரித்தேன், என்னைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். வெந்நீர் கொட்டிக் கால் தோல் வழன்றும் அவள் சத்தம் போடவில்லை, கையை இறக்கவில்லை. தண்ணீர்க்குடத்தோடு வந்த அம்மாதான் என்னிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுவிட்டு, ஓடிப்போய் அவள் கைகளைப் பிடித்து இறக்கினாள்.

எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மருந்து வைத்துக் கட்டினார், காயம் ஆறும்வரை கொழுந்தெடுக்கப் போகக் கூடாதாம். சாயங்காலம் மன்னிப்புக் கேட்கப் போனேன். எரிச்சல் கொறைஞ்சிருச்சு அண்ணே, நீங்க போங்க என்றாள், முகத்தைப் பார்க்கவில்லை. ஜெயாவுக்கு எழுதிடாதீங்க, பால் குடுக்குற புள்ள, வீணா கவலைப்படும் என்று மட்டும் சொன்னாள். அப்போதும் உன்னைத்தான் நினைத்தாள், அதனால்தான் மறைக்க மனசு வரவில்லை. துரையிடம் எனக்கு ரைபிள் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தேன், வேறு ஆள் இல்லை என்றுவிட்டார். காவலுக்குப் போகும்போது ஆபீசில் வாங்கி ஆபீசிலேயே வைத்துவிடுகிறேன், லயத்துக்குள் கொண்டு வருவதில்லை. ஆனாலும் நான் எதிரே வந்தால் அத்தை நின்றுவிடுகிறாள், வெறுங்கையோடு வந்தாலும் நிற்கிறாள். அம்மாவும் தேவைக்குத்தான் என்னோடு பேசுகிறாள்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பிள்ளையை மழையில் வெளியே எடுத்துப் போகாதே. நீங்கள் மூன்று பேரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். மறக்காமல் அத்தைக்குத் தனியாக ஒரு காகிதம் போடு. அவளுக்கு எழுத்து தெரியாது, வருகிற காகிதத்தை நான்தானே வாசித்துக் காட்டுகிறேன் என்று எதையும் அடக்கி எழுதாதே. அவள் அதை என்னிடம் எடுத்து வந்தால், என்னைப் பற்றி நீ என்ன எழுதியிருந்தாலும் ஒரு சொல் விடாமல் வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சின்னையா