விலகிப்போன கதாநாயகன்

ஜூன் 4

பேரன்பிற்குரியவளே,

இனி உனக்கு எந்தத் தடையும் இல்லை. மூன்று வாரமாக நீ பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போய்வருவதை என் மூக்குக்கண்ணாடிக் கடை வாசலிலிருந்து பார்த்தேன். முகத்தைத் துணியால் மறைத்திருந்தாய். அவன் என் பள்ளித் தோழன், நல்லவன். நான் குறை சொல்லவில்லை. மாலைகளில் மாறி மாறிச் சத்தமாகப் படிப்போமே அந்த நாவல், அதன் நாயகனைப் போல மௌனமாக விலகுகிறேன். கடை மாடி அறையில் இருப்பேன்.

என்றும் உன் நலம் நாடும்,
நான்

ஜூன் 7

அன்புள்ள உங்களுக்கு,

கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை. கன்னம் வீங்கியிருந்தது, மறைத்தேன். "பல்லு உயிர் போகுதுங்க" என்று உங்களிடம் சொன்னேன். நாவலிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றீர்கள்.

உங்கள் தங்கையிடம் கடிதத்தைக் காட்டினேன். "அண்ணி, அண்ணனுக்கு யாரு வசனம் எழுதித் தர்றா?" என்றாள். சிரிக்க வாயைத் திறக்க முடியவில்லை. டாக்டரிடம் உங்கள் சந்தேகத்தைச் சொல்லவில்லை. இன்னும் ஒரு ஊசி பாக்கி. அவர் கை நடுங்கக் கூடாது.

இப்படிக்கு,
வாயாடி

ஜூன் 9

வாயாடிக்கு,

எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியவில்லை. சந்தேகப்பட்டதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. வலித்தது நிஜம்; ஆனால் உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. பெட்டியோடு படியிறங்கியபோது, யாரோ என்னைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பதுபோல நிதானமாக இறங்கினேன்.

நேற்று டாக்டர் கண்ணாடி மாற்ற வந்தான். "என்னடா, வீட்டம்மாவுக்கு வீக்கம் வத்திருச்சா?" என்று கேட்டான். "தெரியலடா" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். நான் குனிந்து, சுத்தமாக இருந்த லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

வரலாமா?

நான்

ஜூன் 12

அன்புள்ள உங்களுக்கு,

வீக்கம் வற்றிவிட்டது.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது. உங்கள் முதல் கடிதம் வந்த அன்று அழுதேன். அழுதபடியே நிலைக்கண்ணாடி முன் போய், அந்த நாவலின் நாயகி மாதிரி இருக்கிறேனா என்று பார்த்தேன். ஒரு பக்கம் கன்னம் உப்பிய நாயகி. அதற்குப் பிறகு உங்களை மட்டும் திட்ட மனசு வரவில்லை.

வாருங்கள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வராதீர்கள்.

வாயாடி