பயில்வானின் ஏழு நாள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றிலிருந்து காபி கிடையாது. எனக்கில்லை, பயில்வானுக்கு. பத்து வாரம் முந்திக்கொண்டு பிறந்த என் மகன். எடை இப்போதுதான் இரண்டு கிலோவை எட்டிப் பார்க்கிறது. மூச்சுக் குழாயை எடுத்த பிறகும் அவ்வப்போது மூச்சு விட மறந்துபோவான். அதற்கு மருந்து, காபியில் இருக்கும் அதே சரக்கு. தாய்ப்பாலைச் சப்பிக் குடிக்கத் தெரியும் முன்பே காபிப் பழக்கம்!

மருந்தில்லாமல் தொடர்ந்து ஏழு நாள் மறக்காமல் மூச்சு விட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு. நடுவில் மறந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. நாற்பத்து நாலு வயது வரை காத்திருந்தவளுக்கு ஏழு நாள் எம்மாத்திரம்?

மார்ச் 5

ஒன்று.

மார்ச் 7, வெள்ளி

மூன்று! இன்று உடம்புச் சூடு கொடுப்பது இவன் அப்பாவின் முறை. சட்டையைக் கழற்றிவிட்டு இவனை நெஞ்சில் போட்டுக்கொண்டார். இவன் அவர் நெஞ்சு முடியைக் கொத்தாகப் பிடித்துவிட்டான்.

"டேய், விடுறா, வலிக்குதுடா!"

"சார், சிரிக்காதீங்க, குழந்தை குலுங்குது" என்று அதட்டிய சிஸ்டருக்கே சிரிப்பு அடங்கவில்லை. நான் வெளியே ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இந்த வயதில் இப்படியா?

மார்ச் 10, திங்கள்

ஆறு. எழுதவே கை வரவில்லை.

மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தவனின் நெஞ்சு சட்டென்று நின்றது. எண்ணினேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு — உள்ளங்காலில் சுண்டிவிட்டேன். உடனே மூச்சு. இருபது வினாடி ஆனால்தான் மூச்சைக் கவனிக்கும் கருவியில் மணி அடிக்கும், அடிக்கவில்லை. யாரும் பார்க்கவில்லை.

சொல்லணுமா? நாளைக்கு ஒரே ஒரு நாள். அவர் வீட்டுல இவனுக்குக் கட்டிலெல்லாம் மாட்டித் தயாரா வச்சுட்டாரே. வாயைப் பொத்திக்கிட்டு இருந்தா யாருக்குத் தெரியப்போகுது?

ஆனால் வீட்டில் மணி கிடையாது.

போய்ச் சொன்னேன். டாக்டரம்மா திரையில் பதிவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார். "நீங்க தொட்டுட்டீங்க. தொடலன்னா அவனே எடுத்திருப்பானான்னு எனக்குத் தெரியாது. தெரியாம எப்படிம்மா வீட்டுக்கு அனுப்புவேன்? மறுபடி ஒண்ணு." பிறகு, "மணி அடிச்சா நாங்க ஓடி வருவோம். அதுவரைக்கும் உங்க கையைக் கட்டிப்போடுங்க."

அவருக்குப் போன் செய்தேன். "என்னங்க, பழையபடி ஒண்ணுக்கே வந்துட்டோம். என்னாலதான்."

"நல்லதாப் போச்சு. கட்டில்ல ஒரு கால் ஆடுது. எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டு இருந்தேன்."

அழுதுகொண்டே சிரிப்பது எப்படி என்று எனக்கு இப்போது தெரியும்.

மார்ச் 11

ஒன்று. கட்டிலுக்கு நாலு காலும் தரையில் நிற்கின்றனவாம்.

மார்ச் 14, வெள்ளி

நான்கு, நான்கு, நான்கு!

இன்றும் நிறுத்தினான். நான் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் அழுத்தி உட்கார்ந்தேன். ஒன்பது. பத்து. டேய் பயில்வான். பதினொன்று. பன்னிரண்டு. பதிமூன்று —

பெரிய ஆபீசர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டான். பிறகு ஒன்றும் நடக்காததுபோல மளமளவென்று மூச்சு. தானாக! யாரும் தொடாமல்!

முதுகுக்குப் பின்னால் சிஸ்டரின் குரல்: "இதயத் துடிப்பு இறங்கவே இல்ல. இது கணக்குல வராது. நீங்க இப்ப மூச்சு விடலாம்மா."

மார்ச் 17

ஏழு.

மார்ச் 23, ஞாயிறு

வீட்டுக்கு வந்து ஐந்து நாளாக எழுத நேரமில்லை. அழுகை, பால், துணி, மறுபடி அழுகை. என்ன தொண்டை! பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்று மத்தியானம் அவர் சோபாவில் குறட்டை, இவன் கட்டிலில். வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு எண்ண உட்கார்ந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று...

கண் திறந்தபோது மணி நாலரை. கன்னத்தில் கட்டில் கம்பியின் தடம். பயில்வான் விழித்துக்கொண்டு, கண் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக என் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தானோ.