சாப்பாட்டு மேசையில் கேட்டவை

பேரன்பிற்குரிய சம்பந்தி டாக்டர் அவர்களுக்கு,

எல்லாம் வல்லவன் தங்களையும் சம்பந்தியம்மாவையும் நலமுடன் காப்பானாக. இங்கு நாங்கள் நலம். தங்கள் மருமகள் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். இன்னும் இங்கேதான் இருக்கிறாள். தொலைபேசியில் பேசினால் இருவருமே குரலை உயர்த்திவிடுவோமோ என்ற அச்சத்தால் எழுதுகிறேன். தாங்கள் அறிந்ததையும் அறியாததையும் வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்; எங்கேனும் தவறியிருந்தால் திருத்துங்கள்.

வரும் திங்கட்கிழமை தங்கள் குழந்தைகள் மருத்துவமனையில் புதிய மென்பொருள் இயங்கத் தொடங்க வேண்டும். அதை எழுதும் சிறு நிறுவனம் என் மகளுடையது. நோயாளிப் பதிவு, மருத்துவர் நேரம், மருந்தின் அளவு, பில் ஆகிய நான்கும் இன்ன தொகைக்கு என்று தாங்களும் அவளும் கையெழுத்திட்டபோது நானும் அருகிலிருந்தேன். "சொந்தத்துக்குள்ளதான் எல்லாம் எழுத்துல சுத்தமா இருக்கணும்" என்று அன்று சொன்னவர் தாங்கள். கேட்டு மகிழ்ந்துபோனேன்.

பிறகு கேட்டவை எவையும் எழுத்தில் கேட்கப்படவில்லை. சாப்பிடும்போது கேட்கப்பட்டன. "ஏம்மா, ஆம்புலன்ஸ் எங்க வருதுன்னு ஸ்கிரீன்ல தெரியாதா?" என்பீர்கள். "சரி மாமா" என்பாள். பரிமாறி முடிப்பதற்குள் தாய்மார் கருத்துச் சொல்ல ஓர் இடம். கை கழுவப் போகும்போது ஊழியர் வருகைப் பதிவு. கேட்பவர் வாடிக்கையாளரா மாமனாரா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்க வரவில்லை. அலுவலகத்தில் 'சரிமாமா மேடம்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். இப்போது அங்கே யாரும் அதைச் சொல்லிச் சிரிப்பதில்லை. இருவர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். எஞ்சியவர்கள் விடுமுறையிலும் கணினி முன் குனிந்திருக்கிறார்கள்.

நான் வாழ்நாளெல்லாம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன். அச்சேறவிருக்கும் பக்கத்தில் நூலாசிரியர் ஆசையாய் ஓரடியைச் செருகினால் அது அந்தப் பக்கத்தோடு நிற்பதில்லை. பின்வரும் பக்கங்களெல்லாம் நகரும், பொருளடக்கம் பொய்யாகும். செருகிய அடி அழகாயிற்றே என்பதில் யாருக்கும் வழக்கில்லை. தாங்கள் கேட்டவையும் நல்லவையே. பிள்ளைகளின் நலம் தவிர வேறெதையும் தாங்கள் கேட்டதில்லை. மறுக்க அவளுக்கு வாய் வராததும் அதனாலேயே.

கடைசியாகக் கேட்டது, குழந்தையின் எடையைக் கிலோவில் மட்டுமன்றிப் பவுண்டிலும் பதியும் வசதி. "ஒரு கட்டம்தானேம்மா, அஞ்சு நிமிஷ வேலை" என்றீர்களாம். அவசரத்தில் சேர்த்தார்கள். மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் பெண், இல்லாத குழந்தை ஒன்றைக் கணினியில் உண்டாக்கி, அதற்குக் காய்ச்சலையும் தந்து, எடையைப் பவுண்டில் பதிந்திருக்கிறாள். மருந்துப் பகுதி அந்த எண்ணைக் கிலோ என்றே எடுத்துக்கொண்டு, இரு மடங்குக்கும் மேலான அளவைக் காட்டியிருக்கிறது. இல்லாத குழந்தை என்பதால் பிழைத்தது. அந்தப் பெண் ஓடி வந்து, "மேடம், நான் இதைப் பாக்காம விட்டிருந்தா?" என்று கேட்டாளாம்.

அதன் பிறகே என் மகள் தங்களுக்கு அந்த அலுவலகக் கடிதத்தை அனுப்பினாள். திங்களன்று ஒப்பந்தத்தில் உள்ள நான்கு மட்டும் இயங்கும். மற்றவற்றை ஒவ்வொன்றாக, நாளும் தொகையும் பேசி எழுதி, சோதித்த பின்பே சேர்ப்போம் என்று. தாங்களோ உறவினர் கூடியிருந்த மேசையில், "என் வீட்டுல சாப்பிட்டுக்கிட்டே எனக்கு நோட்டீஸ் அனுப்புறியா?" என்று கேட்டீர்களாம். மாப்பிள்ளை தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லையாம். நேற்று அவரே என்னை அழைத்து, "அப்பாகிட்ட நான் என்னன்னு பேசறது மாமா? நீங்களே சொல்லிப் பாருங்களேன்" என்றார்.

சம்பந்தி, உலகைப் படைத்தவனே ஆறு நாளில் வேலையை முடித்து, 'இது நன்று' என்று கண்டு, ஏழாம் நாள் கையை எடுத்து ஓய்ந்தான். அருகில் ஒரு மாமனார் இருந்திருந்தால் ஓய்வு நாளும் வேலையில்தான் கழிந்திருக்கும். மறையை நாள்தோறும் ஓதும் நாவால் இப்படிச் சொல்கிறேனே என்று எண்ணாதீர்கள். தங்களைச் சிரிக்கவைத்துவிட்டுக் கேட்டால் கேட்பது எளிது என்று பார்த்தேன்.

நான்கை மட்டும் இயக்க இசைவு தந்து தாங்கள் கையெழுத்திட வேண்டும் என்பது நிறுவனத்தின் வேண்டுகோள். அது பற்றி எனக்குக் கவலையில்லை. தாங்கள் மருத்துவர், அந்த மருந்தளவைக் கேட்ட பிறகு கையெழுத்திடாமல் இருக்கமாட்டீர்கள். என் கவலை வேறு. "திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவேன்ப்பா, வேலையை முடிச்சுக் குடுப்பேன். அந்த வீட்டைப் பத்தி மட்டும் இப்பக் கேக்காதீங்க" என்கிறாள்.

அவள் கொண்டுவந்திருப்பது பெரிய பெட்டி. துணிகளை எடுத்து அடுக்கட்டுமா என்று என் மனைவி கேட்டதற்கு, "இருக்கட்டும்மா" என்றாள். பூட்டியபடியே கூடத்தில் நிற்கிறது. ஆயினும் இன்று காலை என் மனைவி, யாரும் சொல்லாமலே, அலமாரியில் ஒரு தட்டைக் காலிசெய்து துடைத்து வைத்திருக்கிறாள்.

அது காலியாகவே இருக்கட்டும், சம்பந்தி. ஒருமுறை அவளை அழையுங்கள். தங்கள் நாவில் என்ன சொல் வரவேண்டும் என்பதை இறைவன் அறிவான். அதையே அவன் தங்களுக்கு அருள்வானாக.

தங்கள் அன்பை வேண்டி நிற்கும்,
பெண்ணைப் பெற்றவன்.