நான் சொல்லிக்கொடுத்த சுத்தம்

அன்புத் தங்கைக்கு,

நான் இருக்கிறேன். நீ சுகமா என்று வழக்கம்போலக் கேட்க இந்த முறை வாய் வரவில்லை. இதைத் தனியாக இருக்கும்போது படி.

மீன் தொழிற்சாலையில் மேசைக்குப் போகும் முன் கைகளைக் குளோரின் தண்ணீரில் முக்க வேண்டும். மேற்பார்வை அம்மா கையில் குளோரின் வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். பதினோரு வருடமாக இதே பிழைப்பு. போகிற இடமெல்லாம் மீன் நாற்றம் கூடவே வருகிறது என்று ஒரு பயம் எனக்கு. அந்தக் குளோரின் மருந்தையே கொஞ்சம் கொண்டுவந்து, தண்ணீரில் கலந்து, பிறப்புறுப்பின் உள்ளேயும் கழுவ ஆரம்பித்தேன். பெரிய கெட்டிக்காரி மாதிரி, உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் உனக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

போன மாதம் எனக்கு அடிவயிற்றில் வலி. இன்னும் அதிகமாகக் கழுவினேன். கடைசியில் டாக்டரம்மாவிடம் போனால், பாலுறவால் தொற்றுகிற நோய் என்கிறார். எனக்கு மானமே போய்விட்டது. தினமும் அவ்வளவு சுத்தமாகக் கழுவுகிறேனே என்றேன். "அதாம்மா தப்பு. உள்ள இயற்கையாவே ஒரு புளிப்பு இருக்கு, தயிர் மாதிரி. கெட்ட கிருமியை அண்டவிடாம அதுதான் பாத்துக்கும். நீங்க காவல்காரனை அடிச்சு வெரட்டிட்டு வாசலைத் தொறந்து வச்சிருக்கீங்க" என்றார். நோய் வந்தது கழுவியதால் இல்லையாம். வெளியிலிருந்து வந்த நோய், கழுவியதால் சுலபமாக ஒட்டிக்கொண்டதாம்.

எங்கிருந்து வந்தது என்று உன் மாமாவைக் கேட்டேன். காலண்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருவரும் மாத்திரை சாப்பிடுகிறோம். பேச்சுவார்த்தை இல்லை. அது என் பாடு, விடு.

நீ போன கடிதத்தில் அரிப்பு, வெள்ளைப்படுகிறது என்று எழுதியிருந்தாய். இரண்டு வேளை கழுவு என்று பதில் போட்டவள் நான்தான். வெட்கத்தில் இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துப் போட்டேன்.

நாளைக்கே டாக்டரிடம் போ. உள்ளே கழுவுவதை இன்றோடு விடு. வெளியே வெறும் தண்ணீர் போதுமாம். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால், அக்கா என்று சொல், மறைக்காதே. நோய் இருக்கிறது என்றால் உன் வீட்டுக்காரரும் மருந்து சாப்பிட வேண்டும். அவர் முறைத்தாலும் விடாதே.

முடிவு தெரிந்ததும் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது. பக்கம் பக்கமாகத் திட்டு. திட்டுவதற்கு நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணே.

உன் முகத்தைப் பார்க்கக் கூசும்,
அக்கா