நீலப்பல் அரசனும் நான் ஏற்காத அழைப்பும்

“சார், ஒரு ராஜாவுக்குப் பல்லு எப்படி நீலமாகும்?” என்று ஒருநாள் கேட்டீர்கள். இன்று மகளின் காரில் ஏறியதும் திரையில் அந்தச் சிறிய நீலக் குறி ஒளிர்ந்தது. பின் இருக்கையிலிருந்து நீங்கள் மறுபடியும் கேட்டதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தேன்.

தொண்ணூற்றெட்டில், நாம் குடியேறிய நகரின் எப்சம் பகுதி மண்டபத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நாம் இருவரும் நடத்தினோம். நீங்கள் மதுரைக்காரர், பக்கத்துப் பென்ரோஸில் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர். நான் யாழ்ப்பாணத்து ஆசிரியன். கம்பியில்லாமல் கருவிகளை இணைக்கும் புதிய முறைக்கு ‘புளூடூத்’, அதாவது நீலப்பல், என்று பெயராம் என்று ஒரு சஞ்சிகையைக் காட்டினீர்கள். அது ஒரு பழைய அரசனின் பட்டப்பெயர் என்று நான் நூலகத்தில் தேடிப் படித்து வந்து சொன்னேன்.

“பல்லொண்டு பழுதாகி நீலமாத் தெரிஞ்சதாம் எண்டு சொல்லுகினம்.”

“அப்ப பல் டாக்டர் இல்லாததால வந்த பேரா சார்?”

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் டென்மார்க்கில் பிரிந்து கிடந்த கூட்டங்களை ஒன்றாக்கியவன் அந்த அரசன். போட்டி நிறுவனங்களின் கருவிகளும் அப்படி ஒன்றுசேரட்டும் என்று பொறியியலாளர்கள் தற்காலிகமாக வைத்த பெயர், வேறொன்று சரிவராமல் நிலைத்துவிட்டது. அவன் பெயரின் இரண்டு பழைய எழுத்துகளைச் சேர்த்தால் அந்தக் குறி. தோளில் கைபோட்டு நிற்கும் இருவரைப் போல, என்று பிள்ளைகளுக்குப் பலகையில் கீறிக் காட்டினேன்.

அந்த ஆண்டு முடிவதற்குள், விழா மேடையில் யார் பிள்ளை முதலில் ஆடுவது என்ற தகராறில் பெற்றோர் இரண்டாகப் பிரிந்தார்கள். நகரின் மறுபக்கம் ஹென்டர்சனில் புது வகுப்புத் தொடங்கியவர்களோடு நான் போனேன். நீங்கள் எப்சத்திலேயே இருந்தீர்கள்.

பொங்கலுக்கு முன் போன் செய்தீர்கள்.

“சார், பொங்கல சேர்ந்தே வச்சிருவோம். நீங்க வந்து முன்னாடி நின்னா போதும், எல்லாரும் வந்துருவாங்க.”

“ஓம், பாப்பம்” என்று வைத்துவிட்டேன். மனைவியிடம்தான் பொரிந்தேன்: “வீட்டுக்கு வந்து சொன்னாலெல்லோ அழைப்பு! போனில சொல்லுறதோ?”

“அவருக்கு என்ன கரைச்சலோ, கஷ்டமோ? கேட்டனீங்களோ?”

கேட்கவில்லை. போகவுமில்லை.

நீங்கள் அழைத்த இரண்டு வாரத்தில் உங்கள் மனைவி போன் செய்து, நீங்கள் இறந்துபோனதைச் சொன்னார். நோய் முற்றி, ஒரு மாதமாகவே உங்களால் கார் ஓட்ட முடியவில்லையாம். யாரிடமும் சொல்லவேண்டாம் என்றீர்களாம். பொங்கலன்று மட்டும் பிடிவாதமாக மண்டபத்துக்கு வந்து, நாற்காலியில் இருந்தீர்களாம்.

“உங்க கார் வருதான்னு வாசலையே பாத்துட்டிருந்தார் சார்” என்றார்.

பொங்கலுக்கு அழைத்த அந்தப் போனில் உங்களுக்கு மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. படியேறி வந்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யார் அழைத்தாலும், அவர் குரலுக்குப் பின்னால் அந்த மூச்சு கேட்கிறது.

இதை வாசிப்பவருக்கு ஒன்று சொல்கிறேன்: அடுத்த முறை ஒருவர் உங்களைப் போனில் அழைத்தால், முதலில் “சுகமாக இருக்கிறீர்களா?” என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.