நாமக்கல் பாறையில் நான் கண்ட அச்சம்

சேலம், 9-2-1938

என் உயிரனையாளுக்கு,

யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி என்னிடம் வர அஞ்சிய உன்னைக் கோழையென ஏசினேனே, அந்த மடலைக் கிழித்தெறி.

நேற்று உடன்பயிலும் நண்பர்களோடு நாமக்கல் பாறைக்கோட்டையில் ஏறினேன். பாறையில் வெட்டிய படிகளில் மேடைப்பேச்சுப் போல முழங்கிக்கொண்டே சென்றவன், பாதியில் கீழே நோக்கினேன். அப்படியே படியில் உட்கார்ந்து பாறையைப் பற்றிக்கொண்டேன்.

“ஏனுங்க, மேடையில புலி, பாறையில பூனைங்களா?” என்று சிரித்தார் இராசிபுரத்துக் கந்தவேல். பிறகு, “பயம் போவட்டும்னு நின்னா பொழுது போயிருமுங்க. கையக் குடுங்க” என்றார்.

ஏறிவிட்டேன், கண்ணே! கோட்டைச் சுவருக்கு அப்பால் கொல்லிமலை வரை நிலம் விரிந்து கிடந்தது. நண்பர்கள் என்னை அங்கே ஒரு சொற்பொழிவு ஆற்றச் சொன்னார்கள். எனக்கோ உன்னிடம் மட்டுமே பேசவேண்டியிருந்தது.

கோடை விடுமுறையில் நானே வந்து அழைத்துவருவேன். அச்சம் தீரும்வரை காத்திராதே, அச்சத்தோடே வா.

உன்னைப் போலவே அஞ்சியவன்,
உன் கணவன்