மணியின் தண்ணீர்ச் சட்டி

நேற்றுக் காலை மணியின் தண்ணீர்ச் சட்டி வறண்டு கிடந்தது. நானே குனிந்து விரலை விட்டுப் பார்த்தேன். நீ கண்ணை மூடி மூன்று நாள்தான் ஆகிறது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதாகப் பஸ் கண்டக்டர் சொன்னார். அவர் சட்டையும் ஈரமாக இருந்தது. வீட்டுக்குள் மறுபடியும் நனைந்த சாக்கின் வாடை.

போன வருஷச் சாரலில்தான் அது ஆரம்பித்தது. பன்னிரண்டு வருஷம் வாசலிலேயே கிடந்த நாய், வயதாகி, தூக்கத்தில் தன்னையறியாமல் மூத்திரம் ஒழுகவிட்டது. விழித்ததும் ஈரத்தைப் பார்த்துத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலைக்குப் போகும். வெளியே கிடந்தால் விறைத்துப்போகும் என்று நீதான் உள்ளே கொண்டுவந்தாய். தரையில் சாம்பலைத் தூவி வழித்தாய். சாக்கை அலசி வெந்நீர் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் போட்டாய். தென்காசியில் அந்த இரண்டு மாதம் எந்தத் துணிதான் காய்ந்தது? என் பழைய வேட்டியைக் கிழித்து மணிக்குக் கோவணம் கட்டினாய். "இந்தாருங்க, உங்க வேட்டிய இப்பத்தான் ஒருத்தன் ஒழுங்கா உடுத்துதான்" என்றாய். அடுத்த வீட்டுச் செண்பகம் சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டது.

நான் ஒரு யோசனை சொன்னேன். மத்தியானத்துக்கு மேல் சட்டியை எடுத்துவிடு. உள்ளே போனால்தானே வெளியே வரும். "தவிச்சுப் போகுமே" என்று தயங்கினாய், பிறகு எடுத்தாய். சில நாள் கழித்து, ஓட்டிலிருந்து சுவரில் வழிந்த தண்ணீரை மணி நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தவளும் நீதான். அன்றே மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

டாக்டர் என்னைத்தான் ஏசினார். "தண்ணியக் குறைச்சா மூத்திரம் நிக்கும்னு யாரு வே சொன்னா? எரியும், கடுக்கும். ஒம்ம நாக்கு வறண்டா நீரு கேப்பேரு, அது யாருகிட்ட கேக்கும்?" திரும்பும் வழியில் மணியை நீயே தூக்கிக்கொண்டாய். வந்ததும் சட்டியை விளிம்புவரை நிரப்பினாய்.

தை மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாய். அதன்பிறகு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. உன் துணிகளை அலசுவது என் வேலையாயிற்று. மணி உன் கட்டிலுக்கடியில் இடம் பிடித்துக்கொண்டது; அதன் சட்டியும் அங்கேயே போயிற்று. "ரெண்டு பேருக்கும் சேத்து அலசுதீங்க. இத உங்க பத்திரிகையில போடலாம்லா?" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

யுத்தச் செய்தி, அரிசித் தட்டுப்பாடு என்று பகலெல்லாம் வெளியே அலைந்தேன். போகும்போது உன் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைப்பேன். வரும்போது செம்பு காலியாக இருக்கும். உன்னைப் பார்க்க வந்த டாக்டர், "நாக்கு இப்படி வறண்டிருக்கிறதே, தண்ணீர் குடிக்கிறார்களா?" என்று கேட்டார். "தினமும் ஒரு செம்பு காலியாகிறது" என்று உறுதியாகச் சொன்னேன். யார் எதைச் சொன்னாலும் இன்னொருவரிடம் விசாரிக்காமல் எழுதாதவன் நான். காலிச் செம்பை மட்டும் நம்பிவிட்டேன்.

மணியின் சட்டியைச் செண்பகம்தான் நிரப்புகிறாள் என்று நினைத்திருந்தேன். நேற்று அது வறண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டேன்.

"நானா? நான் தொட்டதே இல்ல அண்ணாச்சி. மதினிதான் படுத்தவாக்குல செம்ப அந்தச் சட்டியில சாய்ச்சு விடுவாவ. 'நான் குடிச்சா அவுகல்லா அலசணும். அதப் பாத்துக்கிட்டுக் கெடக்க முடியலட்டி'ம்பாவ. உங்கட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ."

சொல்லிவிட்டு அழுதாள். நான் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தேன். சட்டியைச் சுற்றித் தரையில், தண்ணீர் சிந்திச் சிந்திக் காய்ந்த வெள்ளைத் தடம் இருந்தது. அவள் சொன்னது உண்மைதான்.

டாக்டர் ஏசியபோது நீயும் பக்கத்தில்தான் நின்றாய். மணிக்குச் சட்டியைத் திருப்பி வைத்தவள், என் யோசனையை உனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாய்.

இப்போது காலையும் மாலையும் நானே சட்டியை நிரப்புகிறேன். மணி குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். உனக்குக் கடைசியாக விரித்த துணியும் மணியின் சாக்கும் கொடியில் கிடக்கின்றன. இரண்டும் இன்னும் காயவில்லை. ஆவணியில் வெயில் வரும் என்கிறார்கள்.